படகோடு போன எட்டுப் பேர்

ராயபுரத்தில் ஒரு மாடியறைக் கம்பெனியில் வெப் ஃபிரேம்வொர்க் கற்றுக்கொண்ட முதல் வருடம் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். விசைப்படகு உரிமையாளர் சங்கம் ஒன்றுக்கு, படகுகளையும் அவற்றில் போகும் ஆட்களையும் பதிவு செய்ய இணையதளம் எழுதினேன். படகை நீக்கினால் அதன் ஆட்களும் தானாக நீங்கும்படி ஒரே ஒரு வரி. டேட்டாபேஸில் படகில்லாத அநாதைப் பதிவு ஒன்றுகூட மிஞ்சாது என்று பீற்றிக்கொண்டேன். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை என்று அப்போது தெரியவில்லை. முதலாளி டீ வாங்கித் தந்தார்.

சங்கத்தில் பதிவேடு எழுதும் அக்கா இருபது வருடம் நோட்டில் பழகியவர். மராமத்துக்குக் கரையேறிய படகின் பெயரைப் பென்சிலால் அடிப்பார். கடலில் இறங்கியதும் ரப்பரால் கோட்டை அழிப்பார். என் தளத்தில் பென்சில் ஏது? ‘நீக்கு’ பட்டன்தான். மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு படகு பலகை மாற்றக் கரையேற, அக்கா அதை அழுத்தினார். ‘உறுதியா?’ என்று கேட்டதே தவிர, கூடவே எட்டு ஆட்களும் போவார்கள் என்று அது சொல்லவில்லை. தடை முடியும்போது படகை மட்டும் மறுபடி சேர்த்தார்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் என் அப்பா.

தடை முடிந்த முதல் நாள், என் தளத்திலிருந்து எடுத்த லிஸ்டில் பெயர் இல்லாததால் துறைமுக வாசலில் அவர்களுக்குப் பாஸ் இல்லை. தினமும் அப்பாவோடு டீ குடிக்கிற காவலாளியே லிஸ்டைப் புரட்டிவிட்டு, “உன்ன எனக்குத் தெரியாதா மாமு? பேரு இல்லியே, நான் இன்னா பண்றது?” என்றாராம். படகு ஓனர் காத்திருக்கவில்லை. பாஸ் உள்ள வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் அக்கா மேல்தான் வந்தது. நான் எழுதிய வரியைத் திறந்து பார்த்த பிறகுதான் வெட்கம் வந்தது. பழைய நகலிலிருந்து எட்டுப் பேரையும் மீட்டேன். இனி படகு போனாலும் ஆள் இருப்பார், படகின் பெயருக்கான கட்டம் மட்டும் காலியாகும் என்று மாற்றினேன்.

ஏழு பேரை ஓனர் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். அப்பாவுக்குப் பதில் ஏறியவன் வயசுப் பிள்ளை, நன்றாக வலை இழுக்கிறானாம். அக்கா தளத்தில் அப்பாவை அந்தப் படகிலிருந்து எடுத்துவிட்டார். இந்த முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது.

தன் பேர் திரும்ப வந்ததா என்று பார்க்க அப்பா கம்பெனிக்கே வந்தார். காட்டினேன். பெயர், வயது, போட்டோ எல்லாம் இருந்தன. காலிக் கட்டத்தில் விரலை வைத்து, “இது இன்னாம்மா?” என்றார்.

“எந்தப் படகுலயும் இல்லாதவங்களுக்கு, நைனா.”



“இப்பதான் கரீட்டா கீது” என்றார்.