சலூன்காரர் விரலும் குழாயக்கா வாயும்

குழாயக்காவுக்கு ஒரே நாளில் வராத வியாதி கிடையாது. காலையில் மூலம் வரும், சற்று நேரத்தில் இரட்டைப் பிள்ளை தங்கும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முழங்கால் மூட்டு தேய்ந்துவிடும். சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு எனக்குப் பித்தப்பையை எடுத்துட்டாங்க" என்பாள். அவள் புருஷன் பேக்கரியில் மாவு பிசைகிறவர். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "போன வாரந்தானே எடுத்தாங்க? உனக்கு மொத்தம் எத்தனை பித்தப்பை?" என்று கேட்பார்.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பது அவள் உத்தியோகம். பிழைக்க வந்த வெளிநாட்டில் ஊர் பாஷை தெரியாத தமிழ் நோயாளிக்கும் தமிழ் தெரியாத டாக்டருக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அவர் சொன்னதை இவருக்கும் இவர் சொன்னதை அவருக்கும் சொல்ல வேண்டும். 'அவருக்கு வயிறு வலிக்கிறதாம்' என்று சொல்லக் கூடாது. 'எனக்கு வயிறு வலிக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். நோயாளி பேசினால் அவள்தான் நோயாளி, டாக்டர் பேசினால் அவள்தான் டாக்டர். பயிற்சி கொடுத்த மேலாளர் அம்மாள் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "நீங்க ஒரு குழாய். அந்தப் பக்கம் ஊத்தினது இந்தப் பக்கம் வரணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அறைக்குள்ள யார் எதைப் பேசினாலும் சொல்லணும். தனக்குத்தானே முணுமுணுத்தாலும் சரி, திட்டினாலும் சரி. அறைக்கு வெளியே பேசினதை உள்ளே கொண்டு வரவே கூடாது."

இதை அவள் வீட்டில் போய்ச் சொன்னதுதான் தப்பு. புருஷன் அன்றைக்கே 'குழாய்' என்று பெயர் வைத்துவிட்டார். அது தெருவில் பரவி, குழாயக்காவாகி, ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேர்ந்தது.

அவளைக் குழாயாக இருக்கச் சொன்னது பெரிய கொடுமை. அதற்கு முன்னால் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவள் அவள். வாயால் பிழைத்தவள். கைக்குட்டை வாங்க வந்தவரைப் போர்வையும் திரைச்சீலையும் வாங்க வைத்து அனுப்பியவள். அப்பேர்ப்பட்டவளைக் கூட்டி வந்து, சொந்தமாக ஒரு வார்த்தை பேசாதே என்றால் எப்படி? பகலெல்லாம் அடக்கி வைத்ததை ராத்திரிச் சாப்பாட்டின்போது அவிழ்த்துவிடுவாள். "நானா இருந்தா அந்தாளை என்ன கேட்டிருப்பேன் தெரியுமா?" என்று தொடங்குவாள். புருஷன் பாவம், உலகத்து நோயாளிகள் எல்லாருக்கும் சேர்த்து அவர்தான் ஏச்சு வாங்குவார்.

ஒரே ஒரு தடவை அறைக்குள்ளேயே வாய் நழுவியது. ஒரு கிழவியிடம், "வெறும் வயித்துல அந்த மாத்திரையப் போடாதீங்கம்மா" என்று தானாகச் சொல்லிவிட்டாள். டாக்டர் சொல்லாத வார்த்தை. மேலாளர் அம்மாள் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்றாள். அதிலிருந்து குழாயக்கா அறைக்குள் நுழையும்போதே உதட்டை ஒரு தரம் கடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

இத்தனைக்கும் மேலாளர் அம்மாளுக்கு அவள்மேல் பெருமைதான். புற்றுநோய்ப் பிரிவில் நோயாளிகளிடம், எங்கள் கவனிப்பு திருப்தியாக இருக்கிறதா என்று அவ்வப்போது கேட்பார்கள். மற்ற பாஷைக்காரர்கள் காப்பி ஆறிவிட்டது, நர்ஸ் முறைக்கிறாள், மணிக்கணக்காகக் காக்க வைக்கிறீர்கள் என்று ஆயிரம் நொட்டை சொல்வார்கள். தமிழ் பேசுகிறவர்கள் மட்டும் ஒருவர் விடாமல், பெற்ற தாய்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்பார்கள். "உங்க ஆளுங்களுக்குத்தான் எவ்வளவு திருப்தி!" என்று மேலாளர் அம்மாள் பூரித்துப்போவாள். அந்தத் திருப்தியின் லட்சணம் என்ன என்பது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட குழாயக்காவுக்குத்தான் தெரியும்.

சலூன்காரரையே எடுத்துக்கொள்ளலாம். ஐம்பதைத் தாண்டியவர். சொந்தமாக ஒரு சிறிய சலூன், இரண்டு நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி. வயிற்றில் வந்த கட்டியை அறுத்து எடுத்தாயிற்று. மிச்சம் மீதி எங்கேயும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாதென்று மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலைமுடி சுத்தமாகக் கொட்டிவிட்டது. "மொட்டைத் தலையன்கிட்ட எவன் முடி வெட்டிக்க வருவான்?" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். உண்மையான தொல்லை தலையில் இல்லை, கையில்.

"விரலா தங்கச்சி இது? மரக்கட்டை" என்று வெளியே பெஞ்சில் வைத்து அவளிடம் கையை நீட்டினார். "கத்தரிக்கோல் கையில இருக்கா விழுந்துடுச்சான்னு குனிஞ்சு பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன்."

"உள்ள போய் இதை அப்படியே சொல்லுங்கண்ணே. எங்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது?"

"அது எப்படிம்மா? அந்தப் பொண்ணு எவ்வளவு அக்கறையா கேக்குது! விருந்துக்குப் போன வீட்டுல உப்பு பத்தலைன்னு சொல்லுவமா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் சம்சாரத்தைக் குழாயக்கா பார்த்தாள். அந்த அம்மாள் சும்மா இருக்கிற ரகம் இல்லை. வீட்டில் அவள் பேச்சுக்குப் பயந்து பூனைகூட ஓசைப்படாமல் நடக்குமாம்.

"என்னை ஏம்மா பாக்கறே? வீட்டுக்குள்ள நான் பேசாத பேச்சா? அதுக்காக வெளியாள் முன்னால புருஷனைப் பொய்யன்னு சொல்ல முடியுமா? விட்டுக் குடுத்துட்டேன்னு ஆயிடாது?"

குழாயக்கா மேலாளர் அம்மாளிடம் போய் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். நோயாளி வெளியே ஒன்று சொல்கிறார், உள்ளே வேறொன்று சொல்கிறார் என்றால் என்ன செய்வது? "அறைக்குள்ள பேசினதுதான் பேச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள் அந்த மகராசி. அன்றைக்கு ராத்திரி பேக்கரிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த தடவை மருந்து ஏற்றுவதற்கு முன்னால் டாக்டரைப் பார்க்கிற நாள் வந்தது. டாக்டர் சின்ன வயசுப் பெண். வெள்ளை மனசு. தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பாள், சொன்னதையெல்லாம் அப்படியே நம்புவாள்.

"விரல்ல மரத்துப்போற மாதிரி ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். உங்க புண்ணியத்துல ஜம்முன்னு இருக்கேன்."

குழாயக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு, தான் ஜம்மென்று இருப்பதாக டாக்டரிடம் சொன்னாள்.

டாக்டருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "ரொம்ப நல்லது. அப்ப இதே அளவு மருந்தையே ஏத்திடலாம். சில பேருக்கு விரல் மரத்துப்போகும். உடனே சொல்லிட்டா அளவைக் குறைச்சுச் சரி பண்ணிடுவோம். சொல்லாம விட்டா உணர்ச்சி திரும்பாமலே போயிடலாம். உங்களுக்கு அந்தக் கவலை இல்ல."

இதைத் தமிழில் சொல்லும்போது குழாயக்கா ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். நிதானமாகச் சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சலூன்காரர் கையை மடியில் வைத்து மூடிக்கொண்டார். கையில் தொழில் இல்லாவிட்டால் அவருக்கு வேறென்ன இருக்கிறது? உயிர் பிழைத்து எழுந்து வந்து எதைப் பிடிப்பார்? குழாயக்காவுக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது.

அந்த அறைக்குள் அதுவரை வாயே திறக்காத அவர் சம்சாரம், அவர் காதோரம் குனிந்து கிசுகிசுத்தாள்: "சொல்லித் தொலைங்களேன்."

"வாயை மூடு" என்றார் அவர், உதடு அசையாமல்.

யார் எதைப் பேசினாலும் சொல்லணும். குழாயக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சொல்லித் தொலைங்களேன்" என்று டாக்டரிடம் உரக்கச் சொன்னாள். உடனே சலூன்காரராக மாறி, அதையும் டாக்டரிடமே, "வாயை மூடு" என்றாள்.

டாக்டரின் பேனா நின்றது. "யாரு வாயை மூடணும்?" என்று கேட்டாள். குழாயக்கா அதையும் தமிழில் கேட்டாள்.

சலூன்காரருக்கு வியர்த்துவிட்டது. "என்ன தங்கச்சி இது, நாங்க எங்களுக்குள்ள பேசிக்கிட்டதையுமா சொல்லுவே? நீ நல்லா இருப்பியா?"

"நாங்க எங்களுக்குள்ள பேசிக்கிட்டதையுமா சொல்லுவே? நீ நல்லா இருப்பியா?" என்று டாக்டரிடம் ஊர் பாஷையில் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள் குழாயக்கா.

அவர் சம்சாரம் கெட்டிக்காரி. அவளுக்குச் சட்டென்று வழி தெரிந்துவிட்டது. டாக்டரிடம் அவள் எதையும் சொல்லப் போவதில்லை. கட்டின புருஷனிடம் பேசப் போகிறாள். அதை யார் யாரிடம் சொன்னாலும் அவள் பொறுப்பு இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, டாக்டருக்கு முதுகைக் காட்டி, புருஷனைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

"ஏங்க, நான் உங்ககிட்டத்தான் கேக்கறேன். இன்னிக்குச் சட்டைப் பட்டனை யாரு போட்டு விட்டா?"

"சும்மா இரு."

"அந்த பேங்க் காவல்காரரோட மீசையை என்ன பண்ணுனீங்க? ஒரு பக்கம் போச்சா இல்லையா?"

"இன்னொரு பக்கத்தையும் எடுத்துச் சமமாக்கிட்டேன்ல! பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்குன்னு அவரே சொன்னாரு."

"அவரு எங்க சொன்னாரு? நீங்கதான் சொன்னீங்க! அவரு வீட்டுக்குப் போனா யாரோன்னு நெனச்சு மகன் கதவைச் சாத்திட்டானாம்!"

குழாயக்கா இடதும் வலதுமாகத் திரும்பித் திரும்பி அந்தச் சண்டை முழுவதையும் ஒற்றை ஆளாகப் போட்டாள். கட்டினவளாக இருந்து அதட்டினாள், கட்டினவனாக இருந்து மழுப்பினாள், ஒரு மீசையை இழந்தாள். ஜவுளிக்கடையை விட்ட நாளிலிருந்து இவ்வளவு சுகமாக அவள் பேசியதே இல்லை. டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிப்பா அதிர்ச்சியா என்று சொல்ல முடியவில்லை.

"குளியலறையில தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழறது எனக்குக் கேக்காதுன்னு நெனப்பா?" என்று கேட்டபோது அந்த அம்மாளின் குரல் இறங்கிவிட்டது. "ஏன் மறைக்கறீங்க? விருந்து வீடு, உப்புன்னு சும்மா சாக்கு சொல்லாதீங்க."

சலூன்காரர் மூடி வைத்திருந்த கையை மடியில் விரித்தார். அப்புறம் டாக்டரைப் பார்க்காமல், சம்சாரத்தையும் பார்க்காமல் சொன்னார். "பயமா இருக்குடி. கை சரியில்லைன்னு சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்க. நிறுத்திட்டா அது திரும்ப வந்துடும். கை போனாப் போகட்டும். நான் உன்கூட இருக்கணும்."

குழாயக்கா வாயைத் திறந்தாள். 'பயமா இருக்குடி' என்பதற்கு ஊர் பாஷையில் வார்த்தை தெரியாமல் இல்லை. இரண்டு தரம் தொடங்கி, இரண்டு தரமும் விட்டுவிட்டாள். ஸ்டூலில் நகர்ந்து உட்கார்ந்து, செருமிவிட்டு, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்தாள். கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்தது. அதற்கு மேலாளர் அம்மாள் என்ன சொல்வாளோ என்று நினைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

டாக்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு சலூன்காரருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "மருந்தை நிறுத்த மாட்டேன். அளவை மாத்துவேன், இல்லன்னா கையைக் கெடுக்கற ஒண்ணை மட்டும் எடுத்துட்டு மத்ததைக் குடுப்பேன். வைத்தியம் நடக்கும். ஆனா எது வரைக்கும் மரத்திருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டுங்க. ஊசி நுனியால லேசாத் தொடுவேன். தெரிஞ்சா சொல்லுங்க."

சலூன்காரர் கண்ணை மூடினார். கையை நீட்டினார்.

"தெரியுது டாக்டர்!"

"அவங்க இன்னும் ஊசியையே எடுக்கலைங்க!" என்று அலறினாள் அவர் சம்சாரம்.

குழாயக்கா இரண்டையும் சொன்னாள். டாக்டர் வெடித்துச் சிரித்தாள். அந்த அம்மாளும் சிரித்தாள். கடைசியில் கண்ணை மூடியபடியே சலூன்காரரும் வெட்கத்தோடு சிரித்தார். "பழக்கதோஷம்" என்றார். ஊர் பாஷையில் அதற்கு நேரான வார்த்தை இல்லாமல் குழாயக்கா கொஞ்சம் திண்டாடினாள்.

சிரிப்பு அடங்கியது. டாக்டர் ஊசியை எடுத்துக் கட்டைவிரல் நுனியில் வைத்தாள்.

"இப்ப?"

அவர் யோசித்தார். வாய் வழக்கம்போல் தெரியுது என்று சொல்லக் கிளம்பி, பாதியில் நின்றது. "தெரியல."

"இப்ப?"

"தெரியல டாக்டர்."

ஒவ்வொரு விரல் நுனியாகப் போனாள். ஒவ்வொன்றுக்கும் அவர் தெரியலை என்றார். ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுருங்கியது. சம்சாரம் முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். சமாதானமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்று குழாயக்காவுக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

டாக்டர் மறுபடி கட்டைவிரலுக்கு வந்தாள். ஊசி நுனியை நகத்தைத் தாண்டி, கணுவுக்குச் சற்று மேலே கொண்டுவந்து வைத்தாள்.

"இப்ப?"

"தெரியுது."

குழாயக்கா அதை டாக்டரிடம் சொல்வதற்கு முன்னால் ஸ்டூலிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தாள். ஊசி அவர் விரல்மேல்தான் இருந்தது.