வம்சத்துக்குச் சைபர்

இருபது முகமுள்ள பகடையை முதன்முதலாக என் உள்ளங்கையில் வைத்தவர் எங்கள் அறை சீனியர். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் ஒற்றை அறை. அவருக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை. ஞாயிறு மதியம் பிரியாணி வாங்கிவந்து எங்கள் நால்வரையும் பாயில் உட்கார வைப்பார். ஒருவர் கதையைச் சொல்லி நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக மாறி, நினைத்தது பலிக்குமா என்று பகடை உருட்டிப் பார்க்கும் ஆட்டம். கதை நடத்துவது என் வேலை. வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் ஊரில் எவன் எங்கே உட்காருவது என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. இங்கே பகடை முடிவு செய்தது. அந்தப் பாயில் எனக்கிருந்த இடத்தை உயிராக நினைத்தேன்.

சீனியர் கைபேசியில் படித்துவந்த ஒரு தொடர்கதையின் நாயகனை ஆட்டத்துக்குள் கொண்டுவர ஆசைப்பட்டார். அந்த ராஜகுமாரன் ஒரே வெட்டில் மலையைப் பிளப்பான். வம்சப் பெயரைச் சொன்னாலே எதிரிப் படை மண்டியிடும். இப்படிப்பட்டவனை அப்படியே இறக்கிவிட்டால் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்க வேண்டியதுதான். பலம், மந்திரம், வம்சம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு அவனை ஆட்டத்துக்குள் அடக்க ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். மலையைப் பிளக்கலாம், ஆனால் பகடையில் இருபது விழ வேண்டும். பிளந்த பிறகு அன்று முழுக்க வாளைத் தூக்க முடியாது. வம்சத்துக்கு மட்டும் சைபர் போட்டேன். பெயரைக் கேட்டே எல்லோரும் விழுந்துவிட்டால் பகடை எதற்கு? சத்தியமாக, வேறொன்றும் என் மனதில் இல்லை.

“வம்சத்த எடுத்துட்டா அவன்கிட்ட என்னடா இருக்கு?” என்றார் சீனியர்.

“கையில வாள் இருக்குண்ணே. உருட்டி ஜெயிக்கட்டும்.”

“அதான பாத்தேன். உங்க தெருவுல வம்சத்துக்கு சைபர்தான போடுவீங்க.”

மற்ற மூவரும் சிரித்தார்கள். விளையாட்டாகச் சொன்னார் என்று பிறகு ஒருவன் சமாதானம் சொன்னான். எப்படிச் சொன்னால் என்ன, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்று அரியலூரில் என் வீட்டிலேயே நண்பர்களோடு இந்த ஆட்டம் நடக்கிறது. வம்சம் என்று ஒரு கட்டமே நான் வைப்பதில்லை. அப்படியும் அந்த எரிச்சல் அடங்கவில்லை.

அன்று அவர் கண்ணெதிரே சைபரை அடித்துவிட்டு இருபது என்று எழுதினேன். ஒரு மதியம் ஆடினால் அவருக்கே சலித்துவிடும், வெட்கப்பட்டு மாற்றச் சொல்வார் என்று கணக்குப் போட்டேன்.

கோட்டைக் காவலர்கள் மண்டியிட்டார்கள்.

“உருட்டணுமாடா?”

“வேணாம்ணே. அதான் வம்சம் இருக்குல்ல.”

குகையிலிருந்த அரக்கன் மண்டியிட்டான். கொள்ளிடம் போல அகலமான ஆறு ஒதுங்கி வழிவிட்டது. சீனியர் பகடையைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். இதோ சலிக்கப் போகிறது என்று அவர் முகத்தையே பார்த்தேன். அது மலர்ந்திருந்தது.

“இப்பதான்டா கதை சரியா போவுது. ம், அடுத்து யாரு வரா?”

மற்ற மூவரும் கைபேசியை எடுத்துவிட்டார்கள். அடுத்து வந்தவனையும் நான்தான் மண்டியிட வைத்தேன்.