முதல் வாய் சாதம்

தொண்டை டாக்டரிடம் வருகிறவர்களில் பாதிப் பேரால் பேச முடியாது. மீதிப் பேரை நிறுத்த முடியாது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

படம் வரைந்த கதை

பக்கவாதத்துக்குப் பிறகு எச்சில்கூட இறங்காமல் தவித்த நெசவாளர் ஒருவர், பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்தார். உணவுக்குழாயின் வாயில் ஒரு வளையத் தசை உண்டு. நரம்பு கெட்டால் அது திறக்காது, அதை வெட்டிவிட வேண்டும் என்று படம் போட்டு அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இழை இறுக்கிக்கினு இருக்குது, அறுத்து வுடப் போறீங்க. இதுக்கு எதுக்கும்மா இம்மாம் படம்?"

சைஸ் பார்த்தது

பட்டுக்கடையில் விற்பனை செய்யும் அம்மா ஒருவருக்கு ஒரு பக்கக் குரல்நாண் செயலிழந்துவிட்டது. குரல் காற்றாக வரும். தண்ணீர் குடித்தால் மூச்சுக்குழாய்க்குள் போய் இருமல். செயலிழந்த நாணை நடுவுக்குத் தள்ள, சிறு கட்டை ஒன்றை உள்ளே பொருத்த வேண்டும். கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, அவரைப் பேசவிட்டுத்தான் அளவு பார்ப்போம்.

ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னேன். முதல் இரண்டு கட்டைக்கும் காற்றுதான் வந்தது. மூன்றாவதை வைத்ததும் எண்ணுவதை விட்டுவிட்டு, "வாங்கம்மா, உக்காருங்க, முகூர்த்தப் புடவையா?" என்றார். ஆபரேஷன் தியேட்டரே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் முகமூடிக்குள் சிரித்தாள். எதற்கும் அடுத்த சைஸையும் பார்க்கலாமென்று கை நீட்டினேன். "போதும் டாக்டரம்மா, இதுவே நல்லாயிருக்குது. பேக் பண்ணிடுங்க."

சூரியன் சாய்ந்த பிறகு

தாமல் பக்கத்துச் சமண விவசாயி ஒருவருக்கும் தசையை வெட்டும் அதே ஆபரேஷன். ஆறு மாதமாக வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் கஞ்சி. ஆபரேஷன் முடிந்த மறுநாள், மற்ற நோயாளிகளையெல்லாம் பார்த்து முடித்து, மசித்த தயிர்சாதத்தோடு அவர் கட்டிலுக்குப் போகும்போது இருட்டிவிட்டது. விளக்கு வைத்த பிறகு வாயில் எதுவும் வைப்பதில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் மகளுக்கு அழுகை வந்தது. எனக்கும்தான்.

"ஆறு மாசம் பொறுத்தவன், ஒரு ராத்திரி பொறுக்க மாட்டனா?" என்று எங்களைத்தான் அவர் தேற்றினார்.

விடிந்ததும் ஓடினேன். முதல் கரண்டி வைத்தேன். தொண்டை மேலேறி இறங்கியது. இருமல் இல்லை. இரண்டாவது, மூன்றாவது. மகள் என் இன்னொரு கையைப் பிடித்த பிடியை விடவேயில்லை. அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்: "நீங்க சாப்டீங்களாம்மா?"

கத்தி என் கையில் இருந்து என்ன, கடைசி வார்த்தை இதுவரை ஒருமுறைகூட எனக்குக் கிடைத்ததில்லை.