இரண்டு அடுக்கும் ஒரே மூட்டையும்

என் அக்கா வீட்டுக்காரர் உணவுப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் பத்தொன்பது வருடம் எலிகளுக்குத் தீனி போட்டவர். அக்காவே அவரை 'எலியார்' என்றுதான் கூப்பிடுவாள். எலிக்குக்கூட முதுகெலும்பு உண்டு. அங்கிருந்த இயக்குநருக்கு இருந்ததாக எனக்குத் தகவல் இல்லை.

மரபணு மாற்றிய மக்காச்சோளம் உடம்புக்கு ஆகுமா, ஆகாதா என்று பார்க்கும் வேலை அந்தக் கூடத்துக்கு வந்தது. இடப்பக்கக் கூண்டு அடுக்கு எலிகளுக்குச் சாதாரணச் சோளம், வலப்பக்கத்துக்கு மாற்றிய சோளம். தொண்ணூறு நாள் கணக்கு. அத்தான் இரண்டையும் தனித்தனியே அரைப்பார். ஒன்றோடு ஒன்று கலந்துவிடக்கூடாதென்று அரவை இயந்திரத்தின் இடுக்கையெல்லாம் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார். இவர் அங்கே தேய்த்துக்கொண்டிருந்தபோது நடந்த கூத்தைக் கேளுங்கள்.

இருபதாம் நாள் சாதாரணச் சோளம் தீர்ந்தது. ஸ்டோர்காரர் கடைத்தெருவில் ஐந்து மூட்டை வாங்கிவந்து, 'சாதாரணம்' என்று தாமே எழுதி ஒட்டினார். அந்த மகானுக்கு ஆராய்ச்சி அவ்வளவுதான். எந்தச் சோளம் என்று சரிபார்க்கும் சோதனைப் பட்டைகளோ இயக்குநரின் பீரோவில். மாதம் ஒருமுறைதான் வெளியே வரும். அத்தான் மாவைக் கரைத்துப் பட்டையை நனைத்தபோது ஐம்பதாம் நாள். மாற்றிய சோளமென்றால் இரண்டு கோடு விழும். ஐந்து மூட்டையிலும் விழுந்தது.

"சார், ரெண்டு பக்கமும் ஒரே சோளத்தைத்தான் தின்னுட்டிருக்கு. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"சோளம்னா சோளம்தான்யா. அறிக்கைக்குத் தேதி குடுத்தாச்சு. நீ தீனியைப் போடு."

போட்டார். அதற்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. தொண்ணூறாம் நாள் விதிப்படி எல்லா எலிகளையும் கொன்று, அறுத்துப் பார்த்தார்கள். பிறகு, இரண்டு தீனியும் வேறுவேறு என்று பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டார்கள். அத்தான் பேனாவை வாங்கி, 'இருபதாம் நாளிலிருந்து இரண்டும் ஒன்றே' என்று எழுதினார். மறுநாள் அந்தப் பக்கம் பதிவேட்டில் இல்லை. அத்தான் எலி அறையில் இல்லை. வாசலில் உட்காரவைத்து, வருகிறவர் போகிறவர் பெயரை எழுதச் சொன்னார்கள். கையெழுத்தை ஸ்டோர்காரர் போட்டுக்கொடுத்தார். வேலிக்கு ஓணான் சாட்சி.

அறிக்கை செய்தித்தாளில் வந்தது. இரண்டு கூட்டத்துக்கும் எந்த வித்தியாசமும் இல்லையாம். ஒரே மூட்டையைத் தின்றவற்றுக்கு வித்தியாசம் எங்கிருந்து வரும்? நான் சாப்பாட்டு மேசையில் கத்தித் தீர்த்தேன். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடையில் வாங்கிய சோளமாவுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து அத்தான் முன்னால் வைத்தாள்.

"அவன் கத்துறது கிடக்கட்டும். இதைப் பிள்ளைங்களுக்குக் குடுக்கலாமா, கூடாதா? அதைச் சொல்லுங்க."

அத்தான் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெரியல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் அத்தனை எலியையும் கொன்னோம்."