அக்கா பார்த்த குஞ்சுகள்

என் அக்கா அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். இருபத்திரண்டு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அடுத்தவர் தப்பைப் பிடிப்பதுதான் பிழைப்பு. வீட்டிலும் விடமாட்டாள். மருந்துப் பெட்டியோ துணிக்கடை விளம்பரமோ, கையில் எடுத்தால் சிவப்புப் பேனாவைத் தேடுவாள். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். திருகாணியைவிடச் சின்னதான எதுவும் என் கண்ணில் படாது. இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

போன மாதம் அவளுடைய வலது கண்ணில் தூசி மிதக்க ஆரம்பித்தது. கண்ணுக்குள் இருக்கும் கூழில் இழை பிரிந்திருக்கிறது, பயமில்லை, பழகிவிடும் என்றார் கண் டாக்டர். அதற்குள் அக்கா தாளில் இல்லாத கமாக்களை அடித்துத் தள்ளியிருந்தாள். முதலாளி மரியாதையாகத்தான் சொன்னார்.

"ஒரு வாரம் வீட்ல இருங்கம்மா. கண்ணை நம்பலாம்னு உங்களுக்கே தோணிச்சுன்னா திங்கக்கிழமை வாங்க. இல்லைன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பாத்துக்கறேன்."

அந்த வாரம் முழுக்க அவள் மீன்தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் நீலக்கோடு போட்ட ஆறு சின்ன மீன்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வரும்போது ஜன்னல் வெயில் தண்ணீருக்குள் இறங்கி, சுவரிலும் அவள் கன்னத்திலும் அசைந்துகொண்டிருக்கும். காற்றுக்குமிழிகள் ஒரே தாளத்தில் முணுமுணுக்கும். வீடே தண்ணீருக்கடியில் இருக்கிற மாதிரி இருக்கும். நானும் காரணமில்லாமல் மெதுவாக நடப்பேன்.

புதன்கிழமை அவள் தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"தம்பி, குஞ்சு பொரிச்சிருக்குடா."

"எங்கக்கா?"

"கண்ணை அசைக்காம பாரு. என் கண்ணுல இருக்கற தூசி, கண்ணோட சேந்து ஓடும். இது தனியா நிக்குது. ரெண்டு கறுப்புக் கண்ணு, நடுவுல துளி வயிறு, மீதி உடம்பு இருக்கறதே தெரியாது. சும்மா தொங்கும், திடீர்னு கொஞ்சம் ஓடும், நிக்கும். புழுன்னா நெளியும். கொசுப்புழுன்னா துள்ளும். இது மீன்தான்."

பார்த்தேன். கூழாங்கல் தெரிந்தது, பாசி தெரிந்தது, என் மூக்கு தெரிந்தது.

"தெரியுதா?" என்றாள். திங்கட்கிழமை போகலாமா வேண்டாமா என்பதைத்தான் என்னிடம் கேட்கிறாள் என்று புரிந்தது. மனசு கேட்கவில்லை.

"தெரியுதுக்கா. அதோ, அந்த மூலையில."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். நான் காட்டியது அவள் பார்த்த இடமில்லை போலிருக்கிறது. அந்த மூலையை அவள் வெகுநேரம் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். பிறகு "சரி" என்று எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் தொட்டிப் பக்கமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அறையிலிருந்தே குரல் வந்தது.

"தொட்டித் தண்ணி பாதியை மாத்திடு. சாயங்காலம் முதலாளிக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடப் போறேன்."

"அப்போ குஞ்சு?"

"எந்தக் குஞ்சு? உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. விடு."

குழாயைத் தொட்டிக்குள் விட்டு, கூழாங்கல்லுக்கு நடுவில் இருந்த அழுக்குத் தண்ணீரை வெள்ளை வாளியில் இறக்கினேன். கொட்டுவதற்காகக் குளியலறைக்குத் தூக்கிப்போனபோது வெயில் நேராக வாளிக்குள் விழுந்தது. அடியில் ஒரு தூசி ஓடியது. நின்றது. அதற்கு இரண்டு கண் இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அந்தப் பக்கம் நாலைந்து.

"அக்கா, வாளியில குஞ்சு இருக்குக்கா. வந்து பாரேன்."

"புதன்கிழமையும் இதைத்தான் சொன்னே."

"இப்போ நிஜமாவே தெரியுது. ரெண்டு கண்ணு, துளி வயிறு..."

"அது நான் சொல்லிக்குடுத்தது."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் கண் அவளை ஏமாற்றவில்லை, நான்தான் ஏமாற்றியிருக்கிறேன். ஈரத்தரையில் மண்டி போட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சின்னப் பொருளைப் பொறுமையாகப் பார்த்தேன். முழங்கால் மரத்துப்போகும்வரை பார்த்தேன்.

"அக்கா, ஒண்ணுக்கு முதுகு வளைஞ்சிருக்கு. நேரா போகப் பாத்து வட்டம் அடிச்சுட்டு வருது."

அறையில் கட்டில் கிரீச்சிட்டது.

"எந்தப் பக்கமா சுத்துது?"

"இடது பக்கம். எப்பவும் இடதுதான்."

குளியலறை வாசலில் வந்து நின்றாள். "அதை நான் உன்கிட்ட சொல்லவே இல்லையே" என்றாள்.

பக்கத்தில் மண்டி போட்டு, கண்ணை அசைக்காமல் வாளிக்குள் பார்த்தாள். அழுதாள். மூக்கை உறிஞ்சிவிட்டு வேலை சொல்ல ஆரம்பித்தாள்.

"திரும்பத் தொட்டியில விடாதே, பெரிய மீனே தின்னுடும். வாளியிலயே இருக்கட்டும். ஒரு முட்டை வேகவை. மஞ்சக்கருவைத் துணியில கட்டி, தண்ணியில முக்கி ஒரு சொட்டு பிழிஞ்சா போதும். அதிகமாப் போட்டா தண்ணி கெட்டுடும். நாளையிலேருந்து மத்தியானம் நீதான் போடணும், நான் வேலைக்குப் போயிடுவேன்."