காலி அட்டை

விருத்தாசலத்தில் மருந்துக் கடை கவுண்டரில் முப்பத்தொரு வருடம் நின்றிருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, படியுங்கள்.

1. பிரஷர் இல்லாத பிரஷர் மாத்திரை

பிலோமினா முதன்முதலாக நீட்டிய சீட்டைப் பார்த்து, "யாருக்கும்மா பிரஷர்?" என்றேன்.

"பிரஷரு இல்லண்ணே. வூட்டுக்காரருக்குக் கெட்ட கனவு வருது. அதுக்கு எழுதிக் குடுத்தாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கனவுக்கு மாத்திரையா? சீட்டில் இருந்த நம்பருக்கு போன் போட்டேன். புதுச்சேரி டாக்டர் பொறுமையாகவே சொன்னார்.

"பிரஷர் மாத்திரைதாங்க. பயங்கரத்தைப் பார்த்தவங்களுக்கு வர்ற கனவ, சிலருக்கு இது அடக்கும். சின்ன டோஸ்ல ஆரம்பிச்சு மெல்ல ஏத்தணும். நடுவுல சில நாள் விட்டுட்டா நேரா பழைய டோஸுக்குப் போகக் கூடாது, திரும்ப சின்னதுலேருந்துதான். இல்லன்னா எழுந்திருக்கும்போது பிரஷர் இறங்கி விழுந்துடுவாங்க."

"சரிங்க டாக்டர்" என்று போனை வைத்தேன்.

பிலோமினாவின் புருஷன் அந்தோணி, செராமிக் பேட்டையில் கரண்டுக்கான பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்யும் ஒரு கம்பெனியில் சூளை ஆள். நைட் ஷிப்ட். இரண்டு வருடம் முன்பு சூளையில் கேஸ் தீப்பிடித்துக்கொண்டதில் கூட வேலை பார்த்தவனை வெளியே இழுத்துப் போட்டது அந்தோணிதான். அந்த ஆள் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து அந்தோணி கண்ணை மூடினால் அதே நெருப்பு. காலையில் வீட்டுக்கு வந்து படுப்பவன் பத்து நிமிடத்தில் அலறிக்கொண்டு எழுவானாம்.

2. ஒரு டம்ளர் முந்திரி

ஒன்றரை மாதத்தில் டோஸ் படிப்படியாக ஏறியது. ஒருநாள் பிலோமினா ஒரு டம்ளர் முந்திரிப் பருப்பைக் கவுண்டரில் வைத்தாள்.

"நேத்து மத்தியானம் மூணு மணி வரைக்கும் தூங்குனாருண்ணே. கத்தவேயில்ல. செத்துகித்துப் போயிட்டாரோன்னு ரெண்டு தடவ மூக்குல கைவெச்சிப் பாத்தேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் ஏதோ நானே கண்டுபிடித்த மருந்து மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

3. கை நீட்டும் முன்பே

எங்கள் ஊரில் இரண்டாம் தடவை யாரும் டாக்டர் சீட்டைக் கொண்டுவர மாட்டார்கள். தீர்ந்துபோன காலி அட்டையைக் காட்டுவார்கள், அதே மாத்திரையைக் கொடுப்போம். நான் அதிலும் ஒரு படி மேல். ஆள் படியேறும்போதே அட்டையை எடுத்து வைத்துவிடுவேன். "அண்ணனுக்கு எல்லாம் மனப்பாடம்" என்பார்கள். அந்தப் பேச்சுக்காகவே வேகமாக எடுப்பேன்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் ஷிப்ட் முடித்து அந்தோணியே வந்தான். கையில் பெரிய டோஸின் காலி அட்டை. கண் சிவந்திருந்தது. அவன் வாயைத் திறக்கும் முன்பே மாத்திரையை வைத்துவிட்டேன்.

"அண்ணே, நடுவுல கொஞ்சம்..." என்று இழுத்தான்.

"எல்லாம் எனக்குத் தெரியும்பா. போய்ப் படு."

அவன் போனான்.

நன்றாகிவிட்டது என்று நினைத்துப் பதினைந்து நாளாக மாத்திரையை நிறுத்தியிருக்கிறான். கனவு திரும்பி வந்ததும் பயந்துபோய் என்னிடம் ஓடி வந்திருக்கிறான். அந்தக் காலி அட்டை எப்போது காலியானது என்று அட்டையில் எழுதியிருக்காது. அவன் சொல்ல வந்ததை நான்தான் சொல்ல விடவில்லை. வீட்டுக்குப் போய் முழு டோஸைப் போட்டுப் படுத்தவன், மதியம் சிறுநீர் கழிக்க எழுந்து கண் இருட்டி, சிமெண்டுத் தொட்டி விளிம்பில் விழுந்தான். தலையில் பதினோரு தையல். ஒரு காது கேட்காமலே போய்விட்டது.

நடந்ததையெல்லாம் ஆஸ்பத்திரியில் அவர்களிடம் சொன்னேன். பிலோமினா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பிறகு அவன் வீட்டுக்குப் போனேன். "தப்பு என்னோடதுதான்பா. சின்ன டோஸ்லேருந்து டாக்டரே பாத்து ஆரம்பிக்கிறேங்கிறாரு. நானே உன்னைய கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அந்தோணி நல்ல காதை என் பக்கம் திருப்பினான்.

"வேணாண்ணே. கனவுல வர்ற நெருப்பு என்னைய ஒண்ணும் பண்ணல. மாத்திரதான் தள்ளிவுட்டுது."

இரண்டு தடவை போனேன், மூன்று தடவை போனேன். அதே பதில்தான். வேலை செய்த ஒரே மருந்தின் மேல் அவனுக்குப் பயம் வரவைத்தவன் நான். இப்போது அவன் படுப்பதே இல்லையாம். நாற்காலியில் சாய்ந்து அரைக்கண் மூடுவானாம், பிறகு அலறல்.

பிள்ளைகளே, "கடைசி மாத்திர என்னிக்குப் போட்டீங்க?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, எதிரே நிற்பவர் பேசி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். கடையை விடும் வரை நான் எல்லோரிடமும் கேட்டேன். அவனுக்கு அது உதவவில்லை.

காது போனவனைச் சூளையில் வைத்துக்கொள்ள முடியாதென்று முதலாளி அவனை அதே கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போட்டுவிட்டார். போன மாதம் பிலோமினாதான் சொன்னாள்: "தூக்கமே வராத ஆளு, இத விட நல்ல வாட்ச்மேன் எங்க கெடைப்பான்னு மொதலாளி எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்றாராம்ணே."