அண்ணனுக்கென்று வைத்த இரண்டாம் பாதி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் வார இறுதிகளில் வேலை செய்யும் ஸ்டூடியோவின் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. காற்பந்து அரங்கத்தில் கோல் விழுந்த நொடி. வரிசை வரிசையாக ஆட்கள் எழுந்து நின்று வாயைப் பிளந்து கத்துகிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரே ஓர் இருக்கை காலி. கல்யாண ஆல்பம் பார்க்க வருகிறவர்கள் அதன் முன்னால் நின்றுவிடுகிறார்கள். "என்னம்மா மீனிங் இதுக்கு?" என்று கேட்கிறார்கள். 'தனிமை' என்று ஓர் அக்கா அவராகவே சொல்லிவிட்டுப் போனார். நானும் தலையாட்டி வைத்தேன். அர்த்தம் ஒரு மண்ணும் இல்லை. அது என் அண்ணனின் இருக்கை.

உலகக் கிண்ணத்துக்கு டிக்கெட் கேட்டு இணையத்தில் பதிந்தவன் அவன்தான். கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறான். பன்னிரண்டு வயதிலிருந்து ஒரே அணி. அந்த அணி தோற்ற அன்று சாப்பிடுகிறாயா என்று வீட்டில் யாரும் அவனைக் கேட்க மாட்டோம். குலுக்கலில் இரண்டு டிக்கெட் விழுந்தது. வளைகுடா நாட்டில், மத்தியானம் தொடங்கும் ஒரே ஓர் ஆட்டம், அதுவும் அவன் அணி ஆடுவது. தன் இருக்கை எண்ணை அவன் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தான். கூட வர அவனுடைய நண்பர்கள் வரிசையில் நின்றார்கள். அவன் என்னைக் கூப்பிட்டான். அவர்களிடம் காரணமும் சொன்னான்.

"இவதான் கேமராவும் கையுமா அலையறா. படம் எடுக்க ஒரு ஆள் வேணும் லா. நான் மேட்ச் பாக்கணும். போனத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நிக்க முடியாது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சுபாங் ஜெயாவில் ஊடகப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. சனி, ஞாயிறு வந்தால் மாப்பிள்ளைகளை நாடியைத் தூக்கச் சொல்லியே என் வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது. இந்த ஒரு பயணம் என்னை அதிலிருந்து தூக்கி வெளியே போட்டுவிடும் என்று நம்பினேன். அதற்கு நீளமான லென்ஸ் ஒன்று வேண்டும். ஸ்டூடியோ பாஸிடம் போய் நின்றேன். முழங்கையளவு இருக்கும் அவருடைய வெள்ளை லென்ஸைப் பையோடு எடுத்துக் கொடுத்தார்.

"பிள்ள மாதிரி பாத்துக்கம்மா. அங்க உள்ள விடுவானா? கேட்டியா?"

"கேட்டுட்டேன் பாஸ்."

கேட்கவில்லை. படித்திருந்தேன். முந்தின நாள்தான் தெருமுனை மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் டீ ஆறிக்கொண்டிருக்க, டிக்கெட் செயலியில் விதிகளை உருட்டிக்கொண்டே போனபோது கண்ணில் பட்டது. பெரிய லென்ஸுக்கு அனுமதி இல்லை என்று கொட்டை எழுத்தில் இருந்தது. விரலால் மேலே தள்ளிவிட்டேன். பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இங்கே எதைத்தான் பேசிக்கொள்ள முடியாது? நிறைந்துவிட்ட கார் நிறுத்துமிடம், கோயில் திருவிழாவில் கட்டிய கயிறு, மூடப்போகும் அலுவலகக் கவுண்டர், எல்லாமே "அண்ணே, கொஞ்சம் பாருங்கண்ணே" என்றால் திறக்கும். அந்த நாட்டில் காவலுக்கு நிற்பவர்களும் நம் ஆட்கள்தான் என்று வேறு கேள்விப்பட்டிருந்தேன். அண்ணனிடம் மூச்சு விடவில்லை.

ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது நுழைவாயிலில் பையைத் திறந்த காவலர், "மேடம், இது உள்ள போகாது" என்றார். தமிழில். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணனை முழங்கையால் இடித்தேன்.

"அண்ணே, நாங்க மலேசியாலேர்ந்து வரோம். கொஞ்சம் பாருங்கண்ணே."

அவர் சிரித்தார். "பேச்சக் கேட்டதுமே நெனச்சேன். நமக்கு தென்காசிப் பக்கம். ஆனா இத விட்டா நாளைக்கே என்னைய ஊருக்கு ஏத்தி விட்ருவாங்க மேடம்."

"யாருண்ணே பாக்கப் போறாங்க?"

"மேல கேமரா இருக்கு. உங்க கேமராவ விடப் பெருசு."

வைத்துவிட்டுப் போக இடம் இல்லை. தங்கியிருந்த அறை ரயிலில் ஒரு மணி நேரம். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அண்ணன் என்னைப் பார்த்தான்.

"ரூல்ஸ்ல போட்டிருந்தாங்களா?"

"தெரியலண்ணே."

அவன் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். "பாஸோட லென்ஸ குப்பையிலயா போடறது? சரி, ஒண்ணு செய்யலாம். பர்ஸ்ட் ஹாப் நீ போ. இடைவேளைக்கு வெளிய வந்து இதப் பிடி. நான் போறேன்." பிறகு காவலரிடம் திரும்பி, "பாஸ், அப்டி போகலாமா?" என்றான்.

"வெளிய வந்தா அவங்க திரும்பப் போக முடியாதுண்ணே. உங்க டிக்கெட் இன்னும் ஸ்கேன் ஆகலல்ல? நீங்க போலாம்."

"நீயே முதல்ல போண்ணே" என்றேன். உதட்டளவில்தான் சொன்னேன். அவனுக்கும் அது தெரிந்திருக்கும்.

"போடி. கொடி, பாட்டு, கூத்தெல்லாம் தொடக்கத்துலதான். உனக்கு அதான வேணும்? பர்ஸ்ட் ஹாப்ல எவன் கோல் போடறான், போர் லா. நான் வந்துதான் போட வைக்கணும்."

அனுமதித்த சின்ன லென்ஸோடு ஓடினேன். பக்கத்து இருக்கையில் என் தண்ணீர்ப் புட்டியை வைத்தேன். கொடிகள் வந்தன, பாட்டு வந்தது, சுட்டுத் தள்ளினேன். எல்லாமே யாரும் எடுக்கக்கூடிய படங்கள். முதல் பாதியில் அண்ணன் சொன்ன மாதிரியே கோல் இல்லை.

இடைவேளை விசில் ஊதியதும் எழுந்தேன். கேமராவைப் பையில்கூட வைத்துவிட்டேன். அப்போதுதான் கூரை விளிம்பைத் தாண்டி வெயில் இறங்கி, எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களை மஞ்சளாக்கியது. இன்னும் பத்து நிமிடத்தில் எங்கள் வரிசைக்கு வந்துவிடும். உட்கார்ந்தேன். "கூட்டமா இருக்குண்ணே, வரேன்" என்று தட்டி அனுப்பினேன். கூட்டமே இல்லை. பாதிப் பேர் இருக்கையைவிட்டு அசையவில்லை.

கைத்தொலைபேசி அதிர்ந்தது. "எங்க?"

மறுபடி. "வாசல்லயே நிக்கிறேன்."

மறுபடி. "தொடங்கிட்டாங்களா?"

தொடங்கியிருந்தார்கள். தொலைபேசியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். தண்ணீர்ப் புட்டி இடைஞ்சலாக இருந்தது. எடுத்துக் கீழே வைத்தேன். வெயில் எங்கள் வரிசைக்கு வந்தது. பந்து எங்கே போனது, யார் யாருக்குக் கொடுத்தார்கள், எனக்குத் தெரியாது. காலடியில் சிமென்ட் அதிர்ந்தது. அண்ணனின் அணி கோல் போட்டுவிட்டது. நான் திடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி அழுத்தினேன். அத்தனை முகங்கள், அத்தனை வாய்கள், முன்னால் அந்த இருக்கை. அழுத்தும்போதே தெரிந்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று. அந்த நொடியில் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் முகம் பிடிக்காமல் போகிறது. பாஸின் நீள லென்ஸ் அந்தப் படத்துக்குத் தேவைப்படவே இல்லை.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது அண்ணன் நடைபாதை ஓரத்தில் பேரீச்ச மரத்தின் ஒல்லி நிழலில் உட்கார்ந்திருந்தான். மடியில் லென்ஸ் பை. முகம் சிவந்து கருத்திருந்தது.

"இடைவேளையில வெளிய விடலண்ணே. முடிஞ்சப்புறம்தான் போகணும்னுட்டாங்க."

லென்ஸ் பையை என்னிடம் நீட்டினான். "ஓகே லா" என்றான். பிறகு, "ஜெயிச்சிட்டோம்ல?"

"ஜெயிச்சிட்டோம்ணே."

"கோல் யாரு?"

சொல்லத் தெரியவில்லை. பின்னால் வந்த ஓர் ஆளிடம் ஆங்கிலத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

கிள்ளானுக்குத் திரும்பிய பிறகு, வந்த மாமா, போன சித்தப்பா எல்லாரும் அவனைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அவனும் சளைக்காமல் சொன்னான். ஆனால் சத்தத்தைப் பற்றி மட்டும்தான் சொன்னான். "டிவில வர்ற சத்தம் வேற மாமா. கோல் விழறதுக்கு முன்னாடியே சத்தம் ஒரு மாதிரி உள்ளுக்கு இழுக்கும். அப்புறம்தான் வெடிக்கும்." கோல் எப்படிப் போட்டான் என்று யாராவது கேட்டால் என் பக்கம் கையைக் காட்டுவான். "இவளக் கேளுங்க. இவதான் கிட்டேர்ந்து பாத்தா." நான் ஏதாவது உளறுவேன். எனக்கும் தெரியாதே.

போன மாதம் பாஸ் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. அன்று மாலை என்னை ஏற்றிப் போக அண்ணன் கடைக்கு வந்தான். சுவரைப் பார்த்தான். கிட்டே போய்க் குனிந்தான். இருக்கையின் சாய்மானத்தில் எண் தெளிவாகத் தெரிந்தது.

"முப்பத்தொண்ணு. நம்ம சீட்டு."

நான் பையை எடுப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

"அன்னிக்கு இடைவேளையில எத்தன பேரு வெளிய வந்தாங்க தெரியுமா? நானும் அந்தத் தென்காசிக்காரரும் வாசல்லதான நின்னோம். ஒவ்வொரு பொண்ணு வரும்போதும் அவரு, 'இந்தா, உங்க தங்கச்சி'ம்பாரு. அப்புறம் அவரே சொல்றத நிறுத்திட்டாரு."

குரலில் கோபம் இல்லை. லோரி டயர் தேய்ந்ததைச் சொல்கிற குரல்.

"அண்ணே..."

"ரூல்ஸையும் நான் அங்க உக்காந்தே படிச்சேன். நெறைய டைம் இருந்துச்சு லா."

கைத்தொலைபேசியை எடுத்து அந்தப் படத்தைப் படம் பிடித்தான்.

"எதுக்குண்ணே?"

"மாமா கேட்டுக்கிட்டே இருக்காரு, நான் உள்ள இருக்கற மாதிரி ஒரு படங்கூட இல்லையான்னு. இருக்குன்னு காட்டலாம்ல."

முகப்பிலிருந்து பாஸ் எட்டிப் பார்த்தார். "தம்பி, பிளாஷ் போடாதப்பா, கண்ணாடில அடிக்கும்."

"சாரி பாஸ்" என்று சொல்லி, பிளாஷை அணைத்துவிட்டு, அண்ணன் இன்னொன்று எடுத்தான்.